இந்த வயதில் எதற்கு ஆபரேஷன் என்றார்கள்

என் வயிற்றில் இருப்பது புற்றுநோய் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், கோயமுத்தூர் சிங்காநல்லூரில் இருக்கும் மகளுக்குப் போனில் சொல்லியாகிவிட்டது. எங்கள் சபைப் போதகருக்குக்கூட ஜெபிக்கச் சொல்லித் தகவல் போயிருந்தது. வயிறு மட்டும்தான் என்னுடையது.

எனக்கு எழுபத்தாறு வயது. பொள்ளாச்சி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். கணவர் சாமுவேல் அரசு பஸ் ஓட்டினார். அவர் போய்ச் சில வருடம் ஆகிறது. மகன் ஜான்சன் பொள்ளாச்சியிலேயே எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். அவன் வீட்டில்தான் இருக்கிறேன். இப்போது உடம்பு கொஞ்சம் தேறி, பேனா பிடிக்க முடிகிறது. என் வயதில் இதே நோய் வந்து, டாக்டர் அறைக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டிருக்கும் யாராவது படிக்கட்டும் என்று எழுதுகிறேன். இதில் ஆறுதல் தேடுகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

ஆரம்பம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒன்றரை இட்லி சாப்பிட்டாலே கல்யாண விருந்து சாப்பிட்டவள் மாதிரி வயிறு நிறைந்துவிடும். ஏப்பம் வரும். மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மருந்து வாங்கிக் குடித்தேன். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது. "ஒல்லியாயிட்டீங்க அத்தை, இப்பத்தான் பாக்க நல்லா இருக்கறீங்க" என்றாள் மருமகள். அவள் மீது தப்பில்லை, எனக்கும் அது சந்தோஷமாகவே இருந்தது. பிறகு மலம் தார் மாதிரி கறுத்துப் போனது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? நான் சொல்லவில்லை. மாடிக்குத் துணி காயப் போடப் போனால் பாதிப் படியில் மூச்சு வாங்கியது. எங்கள் டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் எங்கயோ போயிட்டிருக்குதுங்கம்மா, கோயமுத்தூர் போய் எண்டோஸ்கோப்பி பண்ணிப்போடுங்க" என்றார்.

எண்டோஸ்கோப்பி என்றால் கேமரா வைத்த ஒரு குழாயை வாய்வழியாக இரைப்பைக்குள் விட்டுப் பார்ப்பது. தொண்டையில் மரத்துப் போகும் மருந்தை அடிப்பார்கள். எச்சில் விழுங்க முடியாது. விழுங்க முடியாத பயம்தான் பெரிது, வலி பெரிதில்லை. உள்ளே சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் அங்கிருந்தே துளிச் சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். என் வயிற்றில் இரைப்பையும் சிறுகுடலும் சேரும் கீழ்ப்பக்கத்தில் கிள்ளினார்கள்.

சதைப் பரிசோதனையின் முடிவு இரண்டு நாள் முன்பே ஜான்சனுக்குப் போனில் வந்துவிட்டது; அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டாக்டரைப் பார்க்கப் போன அன்று அவன், "நீங்க சித்தே இங்கயே உக்காருங்கம்மா, நாங்க பாத்துட்டு வந்துடறோம்" என்று என்னை வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மருமகளோடு உள்ளே போனான். வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "புண்ணுதாம்மா. மாத்திரைல சரியாயிடும்னாரு."

வேலையில் இருந்த காலம் முழுவதும் குரல்களைக் கேட்டே பிழைத்தவள் நான். சாவுச் செய்தி சொல்லப் போகிறவன் வெளியூருக்கு டிரங்க் கால் கேட்கும்போதே குரலில் தெரிந்துவிடும். நான் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அடுத்த நோயாளி அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க டாக்டர், எனக்கு என்ன வந்திருக்குதுன்னு என்கிட்டச் சொல்லுங்க."

டாக்டர் என் தலைக்கு மேலே ஜான்சனைப் பார்த்தார். பிறகு, பாவம், என்னைப் பார்த்தார். "கேன்சருங்கம்மா. இரைப்பையில."

"புண்ணுன்னு சொன்னான்."

"புண்ணு மாதிரிதான் இருக்கும், பாக்கறதுக்கு" என்றார். அதையும் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. மகனைக் காப்பாற்ற நினைத்திருப்பார்.

அடுத்தது கோயமுத்தூரிலேயே ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலுக்கோ வேறு இடத்துக்கோ பரவியதாகத் தெரியவில்லை. அறுவை செய்யும் டாக்டர் ஒரு பெண், நாற்பதைத் தாண்டியவர். முதல் கேள்வியே என்னிடம் கேட்டார்: "தனியா நடக்கறீங்களாம்மா? துணி தொவைக்கறீங்களா?" ஜான்சன் பதில் சொல்ல வாயெடுத்தான். "அம்மா சொல்லட்டுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரிடம் வயிற்றை ஒப்படைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவர் ஒரு தாளில் இரைப்பையை வரைந்தார். கீழ்ப்பக்கம் முக்கால்வாசியை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைப்பது. பக்கத்தில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிடுவது. இதுதான் ஆபரேஷன். எடுக்காவிட்டால் கட்டி வழியை அடைக்கும், ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், கடைசியில் தண்ணீரும் இறங்காது.

"எடுத்தா சரியாயிடுமுங்களா?"

"சரியாகறதுக்கு வாய்ப்பு இருக்குதுங்க. ஆனா ஆபத்தும் இருக்குது, அதை நான் மறைக்க மாட்டேன். வயசை மட்டும் பாத்து வேண்டாம்னு சொல்றதில்லீங்கம்மா. இதயம், நுரையீரல், நடை, ஒடம்புல சத்து எவ்வளவு இருக்குது, எல்லாம் பாத்துத்தான் சொல்லுவேன். எல்லாம் நல்லா இருந்தாலும், சின்ன வயசுக்காரங்களுக்கு ஒரு தையல் கூடலைன்னா தாங்கி எந்திரிச்சுக்குவாங்க. உங்க வயசுல ஒண்ணு கெட்டா அது இன்னொண்ணை இழுத்துட்டு வரும்."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். வயிறு கிழித்த வலியில் வயதானவர்கள் ஆழமாக மூச்சு விட மாட்டார்கள், இரும மாட்டார்கள். சளி தேங்கி நுரையீரலில் கிருமி பிடிக்கும். தைத்த இடம் கசிந்தால் குடலில் இருப்பது வயிற்றுக்குள் இறங்கிச் சீழாகும். இதயம் தடுமாறலாம். மயக்க மருந்துக்குப் பிறகு புத்தி கலங்கி, ஆள் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் அது தெளிந்துவிடும், சிலருக்குப் பழைய மாதிரி ஆவதில்லை. எல்லாம் நன்றாக நடந்தும் படுக்கையை விட்டு எழுந்திருக்காமலே போகிறவர்களும் உண்டு. கடைசியாகச் சொன்ன அதுதான் எனக்குப் பயம் தந்தது.

அன்று மாலை சிங்காநல்லூரில் மகள் ஸ்டெல்லா வீட்டில் பேச்சு நடந்தது. ஸ்டெல்லா பள்ளிக்கூட டீச்சர். என்னைச் சோபாவில் சாய்த்து, காலுக்குத் தலையணை வைத்து, ஹார்லிக்ஸ் கலந்து கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அம்மாவைப் போட்டுக் கிழிக்க வேண்டாம்னு எனக்குப் படுது" என்றான் ஜான்சன். "இந்த வயசுல எதுக்கு? இருக்கற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும். நாம நல்லாப் பாத்துக்கலாம்."

"நானும் அதேதான் நெனைச்சேன்" என்றாள் ஸ்டெல்லா.

"நான் ஆபரேஷன் பண்ணிக்கோணும்" என்றேன்.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கும்மா? பேரனுங்க வளந்துட்டாங்க. அப்பாவும் இல்ல. கடமையெல்லாம் முடிச்சுப்போட்டீங்க. எதுக்கு இவ்வளவு கஷ்டம்?"

அவள் அன்பாகத்தான் கேட்டாள். குரலில் அழுகை இருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கரையேற்ற வேண்டிய பிள்ளை இல்லை, கட்டி முடிக்க வேண்டிய வீடு இல்லை. காலையில் காப்பி குடித்துவிட்டுப் பேப்பர் படிப்பேன். சாயங்காலம் பொழுதோடு மார்க்கெட் பக்கம் நடந்துபோய், வாங்குகிறேனோ இல்லையோ, காய் விலை கேட்டுவிட்டு வருவேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். இதைக் காரணம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

சாமுவேலுக்கு எழுபத்தெட்டு வயதில் இதயத்தில் அடைப்பு வந்தது. நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். அன்றைக்கு இந்த மாதிரிக் கூட்டம் கூடவில்லை. எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. "அப்பாவைக் காப்பாத்தீருங்க டாக்டர்" என்று இதே ஜான்சன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். நாலு வருடமும் உப்பில்லாமல் சமைத்துப் போட்டவள் நான். அந்தச் சமையல் நின்றதும் என் கடமை முடிந்துவிட்டது போல.

பணம்தான் தடை என்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. என் பென்ஷனோடு வரும் மருத்துவத் திட்டமே பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. மிச்சம் என் சேமிப்பில் இருந்தது. அவர்களுடைய ஒரு ரூபாயும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்தார். கர்த்தருடைய சித்தத்துக்கு ஒப்புக்கொடுக்கும் மனதை எனக்குத் தரும்படி ஜெபித்தார். முடித்ததும் நான், "ஐயா, அந்த டாக்டரம்மா கை நடுங்காம இருக்கோணும்னும் ஒரு வார்த்தை சேத்துக்குங்க" என்றேன். அவர் மறுபடியும் கண்ணை மூடினார். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு வாரம் உடம்பைத் தேற்றினார்கள். இரும்புச் சத்தை ஊசியில் ஏற்றினார்கள். சத்து மாவு, முட்டை வெள்ளை, பால். இதயத்தை ஸ்கேன் பார்த்தார்கள். மாடிப்படி ஏறச் சொல்லிக் கூடவே ஒரு பெண் நாடி பார்த்துக்கொண்டே ஏறினாள். அந்தப் படியில் நான் மூச்சை எப்படி மறைத்து விட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். பரீட்சையில் தேறிவிட்டேன்.

ஒப்புதல் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். உறவினர் ஒருவரும் போட வேண்டும் என்றார்கள். ஜான்சன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க மேல வருத்தப்படக்கூடாதுங்கம்மா" என்றான்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எப்படிடா வருத்தப்படறது?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டான்.

அதன் பிறகு டாக்டரம்மா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என் கட்டிலோரம் உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கணும்மா. ஒருவேளை உள்ள கசிவு ஆகி மறுபடியும் தொறக்க வேண்டி வந்துச்சுன்னா? அப்ப உங்ககிட்ட கேக்க முடியாம போகலாம்."

இப்படி ஒருவர் என்னைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஒருக்கா தொறங்க. அதுக்கும் சரியாகலைன்னா அப்பறம் வேண்டாமுங்க. மிஷின்ல போட்டு வெச்சுக்கிட்டே இருக்காதீங்க."

"சரிங்கம்மா" என்றார். எழுதிக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த வார்டில்தான் முத்துசாமியைப் பார்த்தேன். பல்லடத்துக்காரர், விசைத்தறி வைத்திருந்தவர், என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். நுரையீரலுக்குப் பயிற்சியாக எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் சாதனம் கொடுத்திருந்தார்கள். உள்ளே மூன்று பந்து இருக்கும். மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே எழும்ப வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் சுருங்கிவிடாமல் இருக்க இந்தப் பழக்கம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் இழுத்தோம். எனக்கு இரண்டு பந்து எழும்பும். அவருக்கு ஒன்றே ஆடி ஆடி நிற்கும்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்கும் வயித்துல புண்ணுங்களா?" என்று கேட்டார்.

நான் கையில் இருந்த பந்துகளை எண்ணுவது போலப் பார்த்தேன். அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லக் கூடாது என்று அவருடைய மகன்கள் நர்சுகளிடம் கண்டித்துச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார்.

"பயப்படாதீங்க. எனக்குத் தெரியுமுங்க. புண்ணுக்கா இத்தனை டாக்டருங்க வந்து பாக்கறாங்க? பசங்க மறைக்கறாங்க. மறைச்சாத்தான் அவங்களுக்குத் தெம்பு. நானும் தெரியாத மாதிரியே இருந்துக்கறன்."

"உங்களுக்கு ஆபரேஷன் பண்ணிக்க இஷ்டமுங்களா?"

"என்ற கிட்ட யாருங்க கேட்டாங்க?" பந்தைத் தட்டிப் பார்த்தார். "ஊட்டுக்குப் போனா பரவால்லைன்னு இருக்குது. தறிச் சத்தம் கேக்காம தூக்கமே வர்றதில்லீங்க இங்க. ஆனா பண்ணாம உட்டா ஒறம்பரைக, சொந்தக்காரங்க எல்லாம் பசங்களைத்தான் பேசுவாங்க. அப்பனைப் பாக்கலைன்னு. அதுக்குப் பயந்துக்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வேண்டாம் என்று நினைக்கிறவரைக் கட்டாயப்படுத்திப் படுக்க வைக்கிறார்கள். வேண்டும் என்கிறவள் சண்டை போட்டுப் படுக்கிறாள். அவருடைய மகன்களையும் என் பிள்ளைகளையும் மாற்றிப் போட்டிருக்கலாம் என்று சொன்னேன். "அப்பவும் நம்மளக் கேக்க மாட்டாங்க" என்றார்.

என் ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது என்றார்கள். மறுநாளே உட்கார வைத்தார்கள், அடுத்த நாள் நடக்கவிட்டார்கள். ஸ்டெல்லா என் தலையை வாரிச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். சின்ன வயதில் நான் அவளுக்குச் செய்ததைவிடப் பொறுமையாகச் செய்தாள். ஜான்சன் கடையை மூடிவிட்டு மருத்துவமனையிலேயே கிடந்தான். நான் வாந்தி எடுத்தால் ஆயாவுக்குக் காத்திராமல் அவனே துடைத்தான். சிறுநீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வராந்தாவில் நடந்தான். இதையெல்லாம் எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும்.

பிறகு ஒரு நாள் காய்ச்சல் வந்தது. வயிற்றிலிருந்து வெளியே விட்டிருந்த குழாயில் வந்த நீர் பச்சையும் பழுப்புமாக மாறியது. தைத்த இடம் கசிகிறது. கூடவே நெஞ்சில் சளி. மூச்சு ஓடுகிறது, பிடிக்க முடியவில்லை. ஐசியூவுக்குக் கொண்டுபோய் மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கமாக ஒரு முகமூடியைப் போட்டுக் காற்றை உள்ளே தள்ளினார்கள். ஓடும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டியது போல இருக்கும். பேச முடியாது.

புத்தியும் கலங்கியது. மேற்கூரையிலிருந்து எங்கள் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் வயர்கள் தொங்கின. வால்பாறை லைனில் யாரோ காத்திருக்கிறார்கள், நான் இணைக்காமல் படுத்திருக்கிறேன் என்று தவித்தேன். வயரைப் பிடித்துச் செருகப் போனேன். அது கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாய். பிடுங்கிவிட்டேன். கையைத் துணியால் கட்டிப் போட்டார்கள். ஸ்டெல்லாவை யாரோ ஒரு சூப்பர்வைசர் என்று நினைத்துத் திட்டினேனாம். இது எனக்கு நினைவில்லை, அவள் சொன்னது.

ஆனால் ஒன்று நினைவிருக்கிறது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் குரல். "மறுபடியும் தொறந்து கழுவிட்டு வரணுங்க. ஆபத்துதான். பண்ணாட்டி தாங்க மாட்டாங்க."

"போதுமுங்க டாக்டர்." அது ஜான்சனுடைய குரல். "இதுக்கு மேல அம்மாவைச் சித்திரவதை பண்ண வேண்டாம். உட்ருங்க."

ஸ்டெல்லாவும் அங்கே இருந்தாள். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. 

நான் கையை அசைத்தேன். கட்டியிருந்தது. கத்தினேன். முகமூடிக்குள் காற்று அதைத் திருப்பி என் தொண்டைக்குள்ளேயே தள்ளியது. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தேன். அந்த நிமிடம் இரண்டு முழத் தூரத்தில் நிற்கும் ஆளுக்கு என் குரலைக் கொண்டு சேர்க்க எனக்கு வழியில்லை.

"அம்மா என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்காங்க" என்றார் டாக்டரம்மா. "ஒரு தடவை தொறக்கச் சொன்னாங்க. நான் தொறக்கப் போறேன்."

அப்புறம் சத்தம் எதுவும் இல்லை. அல்லது நான் மயங்கிவிட்டேன்.

கண் திறந்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. குழாயை எடுக்க நாளானது. எடுத்த பிறகும் பேச்சு வர நாளானது. குடலில் சின்னக் குழாய் வைத்து அதன் வழியாகக் கஞ்சி போன்ற உணவை இறக்கினார்கள். காலில் சதையே இல்லை. முதல் தடவை நிற்க வைத்தபோது இரண்டு பேர் தாங்கியும் முழங்கால் மடங்கியது. நடக்கக் கற்றுக்கொடுத்த பிசியோதெரபிப் பெண்ணிடம், "பல்லடத்துக்காரர் எப்படி இருக்காருங்க?" என்று கேட்டேன். அவள் என் வாக்கரைச் சரி செய்துகொண்டே, "அவர் போயிட்டாரும்மா" என்றாள். ஊருக்கா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தையல் ஒழுங்காகக் கூடியதாம். இதயம்தான் தாங்கவில்லை.

பல வாரம் கழித்து மருந்து வாங்கும் இடத்தில் அவருடைய மூத்த மகனைப் பார்த்தேன். ஏதோ சான்றிதழ் வாங்க வந்திருந்தார். என்னைக் கண்டதும் கண் கலங்கினார். "எங்களால முடிஞ்சது எல்லாமே செஞ்சோமுங்க அம்மா. ஒண்ணையும் உடலீங்க" என்றார். "அப்பா கடைசி வரைக்கும் புண்ணுன்னுதான் நெனைச்சுட்டிருந்தாரு. அந்த வரைக்கும் நிம்மதிங்க." ஆமாங்க என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். இரைப்பை சின்னதாகிவிட்டதால் ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம்தான். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். சர்க்கரை போட்ட காப்பியைச் சட்டென்று குடித்தால் அது நேராகக் குடலுக்குள் இறங்கி, நெஞ்சு படபடவென்று அடித்து, வியர்த்துக் கொட்டிப் படுக்க வைத்துவிடும். ரத்தம் ஊற இரைப்பை உதவுமாம், அது இல்லாததால் வைட்டமின் ஊசி. எடுத்த நெறிக்கட்டிகளில் நோய் இல்லை என்று வந்தது. என் வயதையும் நான் பட்ட பாட்டையும் பார்த்து வேறு மருந்து வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் பார்த்தால் போதும் என்றார்கள்.

ஜான்சன் கடைக்குப் போகும் முன் இட்லியைப் பிட்டு மசித்து வைத்துவிட்டுப் போகிறான். கடையிலிருந்து போன் செய்து சாப்பிட்டீங்களா என்று கேட்கிறான். பக்கத்து வீட்டுக்காரம்மா, "புண்ணியம் பண்ணியிருக்கோணும் இப்பிடி ஒரு பையன் கெடைக்க" என்கிறாள். நான் மசித்த இட்லியைச் சாப்பிடுகிறேன். அவன் கையால் மசித்தது. போதும், விட்டுருங்க என்று சொன்னதும் அந்த வாய்தான். இரண்டையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை. அவன் மோசமானவன் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கேட்டது கலக்கத்தில் வந்த பிரமையோ என்றும் நினைத்தேன். வயர் தொங்கியதையும் பார்த்தவள்தானே நான். மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "ரெண்டாவது தடவை தொறக்கறதுக்கு முன்னாடி என்ற பையன் என்ன சொன்னானுங்க?"

அவர் என் வயிற்றுத் தழும்பைப் பார்த்தார். "பயந்துட்டாருங்கம்மா. அப்படி நிக்கறவங்க நெறையப் பேரைப் பாத்திருக்கேன்" என்றார். நான் கேட்டது பிரமையில்லை என்று தெரிய எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஜான்சனிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

கிளம்பும்போது அவர் ஜான்சனிடம் சொன்னார்: "அம்மாவுக்கு வந்திருக்கறதால நீங்களும் ஒருக்கா எண்டோஸ்கோப்பி பாத்துக்குங்க. வயித்தெரிச்சல் இருக்குதுன்னு வேற சொல்றீங்க."

ஜான்சனுக்கு ஐம்பது முடிந்துவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து அவன் அவனாக இல்லை. மாதக்கணக்கில் தள்ளிப் போட்டான். கடையில் ஆள் இல்லை என்பான், பண்டிகை நோம்பி வருகிறது என்பான். சாப்பாடு குறைந்தது. வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கடைசியில் மருமகள் தேதி வாங்கினாள். அந்தத் தேதியில் அவளுக்குக் காய்ச்சல். கூட ஒரு ஆள் வேண்டும் என்றதால் நான் போனேன். வாக்கர் இல்லாமல் நடக்க ஆரம்பித்திருந்தேன்.

எனக்குப் பார்த்த அதே இடம், அதே வரிசை நாற்காலிகள். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு என் முந்தானை ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். நர்ஸ் அவன் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்தவன் மறுபடி குனிந்து என் கையைப் பிடித்தான்.

"அம்மா, உள்ள ஏதாச்சும் இருந்துச்சுன்னா எல்லாத்தையும் பண்ணச் சொல்லுங்கம்மா. எத்தனை ஆபரேஷன் ஆனாலும் பரவால்ல. என்னை உட்றாதீங்க."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். நான் பெற்ற முகம். பயத்தில் அது ஐந்து வயதுக்குப் போயிருந்தது. கன்னத்தைத் தடவிக் கொடுத்தேன்.

"அதை நீயே உள்ள போயி டாக்டர்கிட்டச் சொல்லிப்போட்டுப் படு, கண்ணு" என்றேன். "வெளியில நிக்கறவங்களை நம்பாதே."

அவன் கை என் கையிலேயே இருந்தது. கண் மட்டும் மெதுவாக மாறியது. எதையோ கேட்க உதடு பிரிந்தது. நர்ஸ் இரண்டாம் தடவை கூப்பிட்டாள். அவன் கையை விட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான்.

அவன் வயிற்றில் ஒன்றுமில்லை. கொஞ்சம் சிவந்திருந்தது, மாத்திரை கொடுத்தார்கள். பொள்ளாச்சி வரை அவன்தான் கார் ஓட்டினான். வீட்டு வாசலில் கார்க் கதவைத் திறந்துவிட்டவன், என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினான்.